பொத்தானிலிருந்து எடுக்காத விரல்

ஜெயபாலனுக்கு வாய் கொஞ்சம் நீளம். மலேசியாவில், ஈப்போவில் புல்வெட்டுக் குத்தகை எடுக்கும் ஒரு கம்பெனிக்கு அவர்தான் சூப்பர்வைசர். காம்பாரிலிருந்து தெலுக் இந்தான் வரை பதினான்கு ஆட்கள். போன வருடம் ஆளுக்கொரு செட் கொடுத்தார்கள். பார்க்க வாக்கி டாக்கி, ஓடுவது கைப்பேசி லைனில். பொத்தானை அழுத்திப் பேசினால் அத்தனை பேர் காதிலும் விழும். ஒருவர் விரலை எடுக்கும்வரை இன்னொருவர் பேச முடியாது. அழுத்திப் பார்த்தால் அழுத்தியவர் காதில் மட்டும் 'பீப்' சத்தம் வரும்.

இனி ஹென்போன் எதற்கென்று, வேலை நேரத்தில் ஆட்களின் கைப்பேசிகளையெல்லாம் லோரிப் பெட்டியில் பூட்டச் சொன்னதும் ஜெயபாலன்தான்.

காலை ஏழு மணிக்கு செட்டில் பேர் கூப்பிடுவார். அதைப் பெரட்டு என்பார்கள். ரப்பர் தோட்டத்தில் விடியுமுன் ஆள் கணக்கெடுத்த காலத்துச் சொல் அது.

ஒருநாள், புல்வெட்டும் ஆட்களில் ஒருவரான சீனி பதில் சொல்லவில்லை. காம்பார் பக்கம், தோட்டத்தை அழித்து வீட்டுமனை போட்ட இடத்தில் அவர் தனியாக இறங்கியிருந்தார். லோரி அடுத்த இடத்துக்குப் போய்விட்டது.

"சீனி! என்ன, இன்னும் தூக்கம் தெளியலியா? உனக்குத் தனியா வந்து வெத்தல வச்சு அழைக்கணுமா லா?" என்று தொடங்கினார் ஜெயபாலன். போன மாதம் தாமதமாக வந்தது, மெஷினை உடைத்தது எல்லாவற்றையும் ஊரே கேட்க இழுத்துப் போட்டார். மூன்று நிமிடம் விரலை எடுக்கவே இல்லை. எடுத்த பிறகும் சீனியிடமிருந்து சத்தமில்லை. ரோசம் வந்துவிட்டது போல என்று நினைத்துக்கொண்டு கடையில் தே தாரிக் டீ குடிக்கப் போனார்.

நாற்பது நிமிடம் கழித்து, பெட்ரோல் கொண்டுபோன லோரிக்காரன் சுரேன் செட்டில் அலறினான்.

"அண்ணே, சீனி அண்ணன் கீழ கெடக்குறாரு! மூச்சே இல்லண்ணே!"

மாரடைப்பு. அரை மணி நேரம் முன்னதாகக் கொண்டு வந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்றார் டாக்டர்.

சாயந்தரம் ஆபீசில் ஜெயபாலன் கம்ப்யூட்டரைத் திறந்தார். யார் எப்போது பேசினார்கள் என்று அதில் பதிவாகும். ஏழு நாலிலிருந்து ஏழு ஏழு வரை அவர் பேர். அதே மூன்று நிமிடத்துக்குள், பொத்தானை அழுத்தியும் பேச வழி கிடைக்காமல், சிவப்பில் சீனி பேர். ஏழு தடவை. அந்தப் பதிவைத் திறக்கும் பாஸ்வேர்ட் அவரிடம் மட்டும்தான் இருந்தது. அவர் வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை.

அடக்கம் முடிந்து மறுநாள் சீனியின் வீட்டுக்குப் போனார். சீனியின் மனைவி தினேஸ்வரி நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"அண்ணே, அந்த செட்டுல கடைசியா ஏதாச்சும் சொன்னாரா? சுரேனக் கேட்டா ஒன்னும் கேக்கலங்கிறான்."

ஒன்றும் பேசவில்லை என்று சொன்னால் அதுவும் பொய்யில்லை. அந்தப் பேச்சு நாக்கு நுனிவரை வந்தது. வாசலில் சீனியின் பூட்ஸ் கிடந்தது. அதில் புல் இன்னும் ஒட்டியிருந்தது.

"கூப்பிட்டாரும்மா. ஏழு தடவ. நான்தான் பொத்தான விடல. அவர ஏசிக்கிட்டு இருந்தேன்."

தினேஸ்வரி கேட்டாள்:

"நீங்க ஏசுனது அவரு காதுல விழுந்திருக்குமா?"

ஜெயபாலன் ஆமென்று தலையை ஆட்டினார்.

"அப்ப அதக் கேட்டுக்கிட்டேதான் போயிருக்காரு" என்றாள். எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.