குமிழருகே இரண்டு பொட்டுகள்

கஞ்சிக்கோட்டில் தான் வேலை செய்யும் எலக்ட்ரானிக்ஸ் ஆலையின் ஓண விழாவில் போன வருடம் பிரதீபா பாடினாள். கணவன் பூபதிராஜாதான் பாஸ் கிடார். பாடி முடித்து இறங்கியதும் ஆலையில் அவளுடைய பெஞ்சில் பக்கத்தில் வேலை செய்யும் அஞ்சு, "சேச்சி, ஒதடு அசையறது மட்டும் நல்லாத் தெரிஞ்சுது" என்றாள். பிரதீபாவும் சிரித்தாள். அதன்பின் வீட்டில்கூட அவள் பாடவில்லை.

இந்த வருடம் பாடுகிறவர்கள் திங்கட்கிழமைக்குள், விழாவை நடத்தும் சக ஊழியன் ரிஜினிடம் பெயர் தரவேண்டும். ஞாயிறு காலை, கொழிஞ்சாம்பாறை வீட்டில், பூபதிராஜா கிடாரை மேசைமேல் கிடத்தினான்.

"அம்மிணி, இதுல ஒரு சுவிட்ச் வெச்சுக் குடு."

கம்பிகளுக்கு அடியில் அவற்றின் அதிர்வை வாங்கும் பிக்கப்புக்குள் இரண்டு சுருள்கள். ஒன்றின் வழியாக மற்றொன்றுக்குப் போகும்படி இணைத்தால் சீரீஸ். இரண்டும் தனித்தனியே வந்து வெளியே சேர்ந்தால் பேரலல். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும் சுவிட்ச் வைப்பது, நாள் முழுக்கச் சர்க்யூட் போர்டு சோதிப்பவளுக்கு அரைமணி நேர வேலை.

அவன் வாசித்தான். சீரீஸில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பேரலலில் ஒலி மெலிந்து பின்வாங்கியது.

"சீரீஸ்தான். இதுல என்ன யோசன?"

"ஏனுங்க, அது நல்லாருக்குதுங்களா, சத்தமா இருக்குதுங்களா?"

"ரெண்டும் ஒண்ணுதானே."

"எங்க பெஞ்சுல இப்படிச் சோதிச்சா ஊட்டுக்கு அனுப்பி வெச்சுருவாங்க. மொதல்ல ரெண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டு வரோணும்."

சத்தம் அளக்கும் செயலியைத் திறந்து கைபேசியை ஆம்ப்ளிஃபயர் முன் வைத்தாள். இரண்டிலும் ஒரே எண் வரும்வரை ஒலிக் குமிழைத் திருப்பச் சொன்னாள். அடையாளம் வைக்கப் பேனா அகப்படவில்லை. நிலைக்கண்ணாடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் பொட்டுகளில் இரண்டைப் பிய்த்து வந்து குமிழருகே ஒட்டினாள். சீரீஸுக்குச் சிவப்பு, பேரலலுக்குப் பச்சை.

இப்போது அவன் குழம்பினான். சீரீஸ் கருப்பட்டிப் பாகு மாதிரி தடித்திருந்தது. பேரலலில் விரல் படும் இடம்கூடத் தெளிவாகக் கேட்டது. நான்கு முறை மாற்றிப் பார்த்தான்.

"தனியா வாசிச்சா எனக்கு இன்னும் சீரீஸ்தான் புடிக்குது. பாட்டோட எப்படின்னு தெரியோணுமே."

"ரிஜினக் கூப்புடுங்க. பாடுவாப்ல."

"அவன் தொண்ட கோயில் வெடி. எதுல வெச்சாலும் கேக்கும். உன்ற கொரல்தான் வேணும்."

அவள் பற்றவைப்புக் கோலைப் பெட்டிக்குள் வைத்து மூடினாள். "இதுக்குத்தான் சுவிட்சுங்களா?"

"போன வருசத்து வீடியோவக் கேட்டேன், அம்மிணி. உன்ற கொரல நான்தான் முழுங்கியிருக்கறேன்."

"அதச் சொல்ல ஒரு வருசமுங்களா?"

அவன் கம்பிகளைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

அவள் நின்றபடியே பாடத் தொடங்கினாள். சிவப்பில் மெல்லிய சொற்களெல்லாம் பாகில் முங்கின. அவன் பச்சைக்கு மாற்றினான். அடுத்த வரியின் முடிவில் அவள் எப்போதும் கொடுக்கும் சின்ன நெளிவு முழுதாக வந்தது. அதை அவன் கேட்டு வெகுநாளாயிற்று.

"பச்சைதான்."

"உங்களுக்குப் புடிச்சது செவப்பாச்சே."

"நீ மூச்சு வாங்கற எடத்துல நாலு சுரம் செவப்புல வாசிச்சுக்கறேன். எனக்கு அது போதும்."

அவள் கைபேசியை எடுத்தாள். செயலியை மூடிவிட்டு ரிஜினுக்குத் தட்டச்சு செய்தாள்.

"ரெண்டு பாட்டுன்னு போட்டுட்டனுங்க."

"ரெண்டா?"

"போன வருசம் கேக்காமப் போனதும் சேத்துத்தானுங்க."