நிலானியைத் தேடி வந்த தண்ணீர்

டத்தோ கிராமாட்டில் எழும்பிக்கொண்டிருந்த அடுக்குமாடியின் மழைத்தண்ணீர், அக்டோபர் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல், லோங்காங் சாக்கடையில் இறங்காமல் இன்ஜினியர் நிலானியின் பின்னால் நடந்து அவள் வீட்டுக்கு வந்தது. சாலை விளக்கு சிவப்பானபோது நின்றது, பச்சையானதும் புறப்பட்டது. செம்மண்ணும் சிமெண்டும் கலந்து ஆறிப்போன தே தாரேக் டீயின் நிறத்தில் இருந்தது. வீட்டுக்குள் முழங்கால் உயரத்துக்கு நின்று, சேற்றையெல்லாம் தரையில் படியவிட்டு, மறுநாள் காலை தெளிந்த தண்ணீராய் வாசல் வழியே மெதுவாக வெளியேறியது.

அம்மா தவமணி கட்டிலில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, “ஆருடைய தண்ணி பிள்ளை இது?” என்று கேட்டார். நிலானிக்குத் தெரியும். அந்த மனையின் முதல் வரைபடத்தில் ஒரு குளம் இருந்தது. மழை அங்கே தங்கி, மண் அடியில் படிந்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக லோங்காங்குக்குப் போகவேண்டும் என்பது ஏற்பாடு. மேனேஜர் அஸ்லான், “குளத்துல யாரு மேடம் கார் பார்க் பண்ணுவாங்க?” என்று சிரித்தார். அவளும் சிரித்துக்கொண்டே குளத்தை அழித்து, கார் நிறுத்துமிடம் என்று வரைந்து கையெழுத்துப் போட்டாள். பாழாய்ப்போன சிரிப்பு! அப்பா அப்புத்துரை விஷயத்தைக் கேட்டுவிட்டு, “உப்புத் திண்டவன் தண்ணி குடிக்கத்தான் வேணும்” என்றார், அவ்வளவுதான்.

மழை பெய்த நாளெல்லாம் தண்ணீர் வந்தது, ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் உயரமாக. பயம் தாங்காமல் நிலானி கடல் பாலத்தைத் தாண்டி செபராங் ஜெயாவில் தோழி வீட்டுக்கு ஓடினாள். அன்றைக்குத் தண்ணீர் பாலத்தடி வரை வந்து, அவளைக் காணாமல் திரும்பி, மனைக்குப் பின்னால் பள்ளத்தில் இருந்த, அவள் வழக்கமாகச் சாப்பிடும் அலாவுதீனின் நாசி கண்டார் சோற்றுக் கடைக்குள் புகுந்தது. கடையின் பின்னறையில் அவர் மனைவி நோர்மா, பக்கவாதம் வந்து படுத்த படுக்கையாக இருந்தார். அலாவுதீன் போனில் திட்டக்கூட இல்லை. “தங்கச்சி, உங்க தண்ணி எங்க கடைக்கு வந்திருச்சு. நோர்மாவ தூக்கி மேசை மேல படுக்க வெச்சிருக்கேன். வெள்ளிக்கிழமை பெரிய ஆயிர் பாசாங் லா. கடலும் ஏறி மழையும் ஊத்துனா, மேசைக்கு மேல நான் எங்க தூக்குவேன்?”

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்த கையோடு வானம் கறுத்தது. கடல் ஏறிவிட்டதால் லோங்காங்குகள் போகவேண்டிய தண்ணீரைத் திருப்பித் துப்பின. மனையின் கேட்டில் அஸ்லான் வழிமறித்து, “வீட்டுக்குப் போங்க மேடம். தண்ணி உங்ககூட வந்துட்டா எல்லாருக்கும் நல்லதுதானே லா” என்றார். அவரை விலக்கிக்கொண்டு அவள் போய், புதிதாகத் தார் போட்ட கார் நிறுத்துமிடத்தின் நடுவில் நின்றாள். மழை கொட்டியது. தண்ணீரின் முதல் நாக்கு அதற்குள் நோர்மாவின் அறைக் கதவுக்கு அடியில் நுழைந்துவிட்டது. அலாவுதீன் “யா அல்லாஹ்” என்று அலறியது வேலிக்கு இப்பால் கேட்டது.

“இங்க வா! உன் இடம் இதுதான். அழிச்சது நான்தான்!” என்று நிலானி கத்தினாள்.

தண்ணீர் கொஞ்சம் யோசித்தது. பிறகு கதவடியிலிருந்து பின்வாங்கி அவளிடம் வந்தது. தார், தேநீரில் நனைந்த பிஸ்கட்டாய் அவள் காலடியில் இறங்கியது. இடுப்பு, மார்பு, கழுத்து. அவளுக்கு நீச்சல் தெரியாது. ஒரு அடி நகர்ந்தாலும் அது நோர்மாவிடம் திரும்பிவிடும் என்பது மட்டும் தெரிந்தது. அழுதாள், ஆனால் நகரவில்லை. தாடையைத் தொட்டதும் தண்ணீர் நின்றது. கடல் வடிந்த பிறகு, தெளிந்த தண்ணீருக்குள் அவளுடைய கால்விரல்கள் தெரிந்தன.

மறுவாரம் விசாரணையில் உள்ளதை உள்ளபடி சொல்லி இன்ஜினியர் லைசென்ஸை இழந்தாள். கார் நிறுத்துமிடம் குளமாகவே நின்றுவிட்டதால் குடிவந்தவர்கள் சாலையோரத்தில் காரை நிறுத்தி சம்மன் வாங்குகிறார்கள். அஸ்லான் விளம்பரத்தில் குளத்துப் பார்வை என்று போட்டு மீதி வீடுகளை விற்றுவிட்டார், மனுஷனுக்கு வெட்கம் ஏது! நிலானிக்கு இப்போது புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலையில் வேலை. வானம் கறுத்தால் அரைநாள் லீவு கேட்பாள், யாரும் காரணம் கேட்பதில்லை. அலாவுதீன் ஒரு தே தாரேக் கலக்கி மூடி வைப்பார். அவள் குளத்தில் இறங்கி நிற்பாள், தண்ணீர் தாடை வரை வந்து நிற்கும். நோர்மாவை அதற்குப் பிறகு யாரும் மேசைக்குத் தூக்கவில்லை.