பொருந்தாது

அலுவலகத்தில் எனக்கு நேருக்கு நேர் ‘சார்’ என்று பெயர். முதுகுக்குப் பின்னால் ‘பொருந்தாது’. “பொருந்தாது வந்தாச்சா?” “பொருந்தாது டீ குடிக்கப் போயிருக்கு.” அஃறிணையில்தான் பேசுவார்கள். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். தெரியும். உள்ளூரக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

உரிமம் வழங்கும் பிரிவில் மூன்றாம் ஜன்னல் என்னுடையது. விண்ணப்பத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் கையால் தொடமாட்டேன். காலிக் கட்டம் என்பது கேள்விக்குச் செய்கிற அவமரியாதை என்பது என் சித்தாந்தம். இதைப் பற்றி ஒரு பயிற்சி வகுப்பில் நாற்பது நிமிடம் பேசியிருக்கிறேன். ஒருவர் மட்டும் விடாமல் குறிப்பெடுத்தார். அவர் என்னைத்தான் படம் வரைந்துகொண்டிருந்தார் என்பது பிறகு தெரிந்தது. காதுகளைச் சரியாகவே பிடித்திருந்தார்.

பதில் இல்லாத கட்டத்தில் ‘பொருந்தாது’ என்று எழுத வேண்டும். அவ்வளவுதான், எல்லாம் தீர்ந்தது. ஒருமுறை தையல்கடை உரிமத்துக்கு வந்த அம்மா ஒருவர் கணவர் பெயர் என்ற கட்டத்தை விட்டுவிட்டார்.

“அவர் போய்ட்டாரு சார்.”

“அப்ப பொருந்தாதுன்னு எழுதுங்கம்மா.”

“பொருந்தாதா? இருபத்தேழு வருஷம் பொருந்தித்தானே சார் இருந்தோம்!”

வரிசையே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. பேனாவை நீட்டினேன். அந்த அம்மா சிரிப்பை நிறுத்திவிட்டு எழுதினார். எழுதும்போது அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. கட்டத்தைத்தான் பார்த்தேன்.

அதே கையால்தான் என் பிள்ளையின் படிவத்தையும் நிரப்பினேன்.

எங்களுக்குத் தாமதமாக நடந்த கல்யாணம்; அதைவிடத் தாமதமாகத் தங்கிய கர்ப்பம். மனைவி கணக்கு டீச்சர். வயிற்றில் இருந்தவனுக்கு மேனேஜர் என்று பெயர் வைத்தவள் அவள்தான். “காலைல பத்தரைக்குத்தான் எழுந்திருக்கிறான். எழுந்ததும் கைக்கு எட்டினவங்களை எல்லாம் உதைக்கிறான். பின்ன வேற என்ன பேர் வைக்கிறது?” இரண்டாவது பீரியட் முடிகிற நேரம், கரும்பலகை முன்னால் நின்று ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொள்வாளாம். “மேனேஜர் வந்தாச்சு டீச்சர்!” என்று பிள்ளைகளே கத்துமாம்.

முப்பத்தாறாவது வாரத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை மேனேஜர் எழுந்திருக்கவில்லை.

பதினொன்றரைக்கெல்லாம் ஸ்கேன் அறையில் இருந்தோம். ஸ்கேன் பார்க்கிற பெண் திரையை மெதுவாகத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். “டாக்டர் வருவாங்க” என்றாள். பெரிய டாக்டர் ஆறு சின்ன டாக்டர்களோடு வந்தார். “இயற்கை சில நேரங்களில் தன் முடிவைத் தானே எடுத்துக்கொள்கிறது” என்று ஆரம்பித்தார். ஆறு பேரும் தலையாட்டினார்கள். ஆய்வுக் கூட்டத்தில் ஆட்டிப் பழகியதால் நானும் ஆட்டினேன். மனைவி மட்டும் ஆட்டவில்லை.

“அவன் சில நாள் லேட்டாத்தான் எழுந்திருப்பான் டாக்டர். இன்னும் கொஞ்ச நேரம் பாருங்களேன்.”

டாக்டர் கருவியை வாங்கித் தானே இன்னொரு முறை வைத்துப் பார்த்தார். அந்த ஒரு நிமிடம் அவர் மனிதராக இருந்தார்.

மறுநாள் காலை பிரசவம். முடிந்ததும் அவளுக்கு ஊசி போட்டுத் தூங்க வைத்திருந்தார்கள். நான் வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து அறையில் ஒரு குழந்தை அழுதது. அதன் பாட்டனார் ஒருவர் அழுகையைப் போனில் யாருக்கோ கேட்க வைத்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் வார்டு சிஸ்டர் ஒருவர் அட்டையில் ஒரு படிவத்தைச் செருகிக்கொண்டு வந்து, நிற்காமல், என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“அவசரமே இல்ல சார். அம்மா முழிச்சதும் ரெண்டு பேரும் பேசி எழுதினாப் போதும். சாயங்காலம்கூட ஆகட்டும்.”

“இல்ல, இப்பவே முடிச்சிடலாம் சிஸ்டர்.”

உண்மையைச் சொன்னால், அந்த இரண்டு நாளில் எனக்குச் செய்யத் தெரிந்த முதல் வேலை அது. படிவத்தைப் பார்த்ததும் மூச்சு சீரானது. குழந்தையின் பெயர். பெற்றோர் குழந்தையைப் பார்க்க விருப்பம், ஆம் அல்லது இல்லை. கையில் வைத்திருக்க விருப்பம். பாத அச்சு எடுக்க விருப்பம். அடக்கம் செய்வது பெற்றோரா, மருத்துவமனையா. அடக்கத்தை மருத்துவமனைக்கு விட்டேன். மற்ற கட்டங்களில் அழகான கையெழுத்தில் ஒரே சொல்லை எழுதினேன். நான்கு நிமிடம் ஆகியிருக்காது.

“அம்மாகிட்ட கேட்டீங்களா சார்?”

“கேட்டாச்சு.”

சிஸ்டர் படிவத்தை வாங்கவில்லை. “நீங்களாவது ஒரு தடவை பாருங்க சார். துடைச்சு, துணி சுத்தி வச்சிருக்கேன். அப்படியே தூங்கற மாதிரி இருக்கான்.”

“கொஞ்சம் வேலை இருக்கு சிஸ்டர்” என்று படிவத்தை அவர் மடியில் வைத்துவிட்டு எழுந்தேன்.

என்ன வேலை? லிஃப்டில் கீழே போனேன். மறுபடி மேலே வந்தேன். மறுபடி கீழே. மூன்றாம் தடவை ஒருவர் சாக்லேட் பெட்டியோடு ஏறினார். “பொண்ணு சார், மூணு கிலோ!” என்று நீட்டினார். எடுத்துக்கொண்டேன். “உங்களுக்கு?” என்றார். “பையன்” என்றேன். கை கொடுத்தார். குலுக்கினேன். சாக்லேட்டைத் தின்றும்விட்டேன்.

சாயங்காலம் அவள் கண் விழித்து முதலில் கேட்டது, “எங்க அவன்?”

“காட்ட மாட்டாங்களாம்மா. சிஸ்டர் சொன்னாங்க, ரூல் அப்படியாம்.”

“ஒரு நிமிஷம்கூடவா?”

“ரூல்னா ரூல்தானே.”

நம்பினாள். ரூல் விஷயத்தில் நான் பொய் சொல்லி அவள் பார்த்ததில்லை.

வீட்டுக்கு வந்த மறுநாள் அவளுக்குப் பால் கட்டிக்கொண்டது. ஜாக்கெட் நனைந்து நின்றவள் என்னைப் பார்த்தாள். “இது அவனுக்குன்னு வருதுங்க. வேண்டாம்னு சொல்ல எந்த ஜன்னல்ல ஃபாரம் குடுக்கணும்?” என்றாள். நான் துண்டைக் கொண்டுவந்து கொடுத்தேன். துண்டு கொடுப்பதில் என்னைக் குறை சொல்ல முடியாது.

ஏழு வாரம் அவள் அந்த சிஸ்டரைத் திட்டினாள். முகம் தெரியாது, பெயர் தெரியாது. துணி மடிக்கும்போது திட்டினாள், விடைத்தாள் திருத்தும்போது திட்டினாள். “அவளும் ஒரு பொம்பளைதானே? கதவை ஒரு அடி திறந்து காட்டியிருந்தா குடியா முழுகிப் போயிருக்கும்?” நான் சும்மா கேட்டுக்கொண்டாவது இருந்திருக்கலாம். “மனசாட்சியே இல்லாத ஜென்மங்க” என்று நானும் ஒத்து ஊதினேன்.

ஏழாவது வாரம் கடிதம் வந்தது. ‘தங்கள் கோப்பு முழுமையடையவில்லை. இருவரும் நேரில் வரவும்.’ ஆவணப் பிரிவின் முத்திரை. அவள்தான் பிரித்தாள்.

“என்னங்க முழுமையடையல?”

“ஏதாவது கையெழுத்தா இருக்கும். நான் போய் முடிச்சிட்டு வந்துடறேன். நீ எதுக்கு அங்க மறுபடி…”

“இருவரும்னு போட்டிருக்கு. ரூல்னா ரூல்தானே?” சிரித்தாள். அந்த வீட்டில் ஏழு வாரத்தில் கேட்ட முதல் சிரிப்பு. “அந்த சிஸ்டர் இருந்தா நாலு வார்த்தை கேக்கணும். மனப்பாடம் பண்ணி வச்சிருக்கேன்.”

பஸ்ஸில் வாசல் பக்க இருக்கையில் உட்கார்ந்தேன். இறங்கி ஓடிவிடலாமா என்றுகூடப் பார்த்தேன். நாற்பத்தாறு வயதில் ஓடி எங்கே போவது, அடுத்த நிறுத்தம் வரைக்கும்தான்.

ஆவணப் பிரிவு தரைத்தளத்தில் மருந்துக்கடைக்குப் பக்கத்தில். ஜன்னலுக்குப் பின்னால் மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்ட அம்மா ஒருவர். என் ஜாதி. பார்த்ததுமே தெரிந்தது, பேனாக்களை உயர வரிசையில் அடுக்கியிருந்தார்.

“சார், இது நீங்க எழுதினதா?”

“ஆமா, ஆனா…”

“ஆம், இல்லை, ரெண்டுல ஒண்ணுதான் எழுதணும். ‘பொருந்தாது’ன்னு எழுதினா நாங்க என்னன்னு எடுத்துக்கிறது? கோப்பை மூட முடியலையே.” படிவத்தை ஜன்னல் வழியாக நீட்டினார். என் கை போவதற்குள் மனைவியின் கை போய்விட்டது.

விடைத்தாள் படிப்பதுபோல் வரிவரியாக, விரல் வைத்துப் படித்தாள். பெயர், பொருந்தாது. பார்க்க, பொருந்தாது. கையில் வைத்திருக்க, பொருந்தாது. விரல் கடைசிக் கட்டத்தில் போய் நின்றது. கையொப்பமிடுபவர் குழந்தைக்கு என்ன உறவு. அங்கேயும் அதே சொல், அதே அழகான கையெழுத்து. அதை எழுதியது எனக்கு ஞாபகமே இல்லை.

“இதுல பார்க்க விருப்பமான்னு கேட்டிருக்காங்களே.”

“ஆமா.”

“ரூல்?”

“ரூல் ஒண்ணும் இல்ல.”

“ஸ்டெப் ஸ்டெப்பா சொல்லுங்க.” வகுப்பில் தப்பு விடை போட்டவனிடம் கேட்கிற அதே குரல்.

சொன்னேன். சிஸ்டர் பக்கத்தில் உட்கார்ந்தது, அவசரமில்லை என்றது, ‘கேட்டாச்சு’ என்று நான் சொன்னது, லிஃப்ட், சாக்லேட் எல்லாம். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த அம்மா, ஏற்கெனவே அடுக்கியிருந்த பேனாக்களை மறுபடி அடுக்கினார். எனக்குப் பின்னால் வரிசையில் மூன்று பேர் இருந்தார்கள்.

“அந்த சிஸ்டரை ஏழு வாரமா கரிச்சுக் கொட்டியிருக்கேன்” என்றாள். “நீங்களும் கூடச் சேர்ந்து.”

“பார்த்துட்டா அப்புறம், அவன் இருந்தான்னு ஆயிடுமேன்னு…”

“இருந்தான்ங்க. தினம் பத்தரைக்கு எழுந்தான்.”

படிவத்தை ஜன்னல் பலகையில் வைத்தாள். கத்தியிருந்தால் தலையைக் குனிந்துகொண்டிருக்கலாம். நிமிர்ந்தே நிற்க வேண்டியதாகிவிட்டது.

ஜன்னல் அம்மா தொண்டையைச் செருமினார். “அம்மா, ‘இல்லை’ன்னு எழுதியிருந்தா நாங்க எதையும் எடுத்திருக்க மாட்டோம். இவர் அப்படி எழுதல. மறுப்பு தெளிவா இல்லைன்னா எடுத்து வைக்கணும்கிறது இங்க வழக்கம். அன்னைக்கு இருந்த சிஸ்டர் பாத அச்சும் ஒரு போட்டோவும் எடுத்து உறைல போட்டிருக்காங்க. அடக்கம் பண்ணின இடத்தோட நம்பரும் உள்ள இருக்கு. ஃபாரத்தைச் சரியா எழுதிக் குடுத்தீங்கன்னா கையோட வாங்கிட்டுப் போயிடலாம்.”

மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டாள். என் தோளும் அருகில்தான் இருந்தது.

புதுப் படிவம் வந்தது. நின்றுகொண்டே எழுதினாள். பெயர் என்ற கட்டத்தில் தயங்காமல் ஒரு பெயர் எழுதினாள். நான் அதுவரை கேட்டிராத பெயர்.

“இது எப்ப முடிவு பண்ணின?”

“ஆறாவது மாசம். நீங்க கேப்பீங்கன்னு இருந்தேன்.”

எல்லாவற்றுக்கும் ஆம் என்று எழுதினாள். பார்க்க, வைத்திருக்க என்ற கட்டங்களிலும் ஆம் என்றே எழுதினாள். இனி முடியாது என்று தெரிந்தும். ஜன்னல் அம்மாவும் அதைத் திருத்தவில்லை. கடைசிக் கட்டத்தையும் கையொப்பத்தையும் எனக்கு விட்டுத் தாளை என் பக்கம் தள்ளினாள்.

இருபத்திரண்டு வருடப் பழக்கம். கை தானாகப் போனது. ‘பொ’ என்று எழுதிவிட்டுத்தான் கண் பார்த்தது. மூவருமே அந்த எழுத்தைப் பார்த்தோம். அடித்துவிட்டு எழுதப் போனேன்.

“அடித்தல் திருத்தல் கூடாது சார்” என்றார் ஜன்னல் அம்மா. என் வாக்கியம். என் தொனிகூட. “வேற ஃபாரம் தரேன். அம்மா மறுபடி முதல்ல இருந்து எழுதணும்.” அவர் குரல் கடைசியில் இறங்கிவிட்டது.

மன்னித்துவிடு என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் கை ஜன்னலுக்குள் நீண்டிருந்தது.

“பரவாயில்ல, குடுங்க” என்றாள் அவள், என்னிடம் இல்லை, ஜன்னலிடம். “பேரை இன்னொரு தடவை எழுதறேன்.”

இந்தத் தடவை நிதானமாக எழுதினாள். பெயரை எழுதி முடித்ததும், மை காய்வதற்காகத்தானோ என்னவோ, சற்று நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். வரிசையில் இருந்தவர்கள் யாரும் அவசரப்படுத்தவில்லை.

கடைசிக் கட்டம் வந்தபோது பேனாவை என்னிடம் நீட்டவில்லை. தாளின் மேல் வைத்துவிட்டுத் தள்ளி நின்றாள். தந்தை என்று எழுதுவதா, அப்பா என்று எழுதுவதா என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. பேனாவை எடுத்தேன்.