நாலு போல்ட்டுக்கு ஒரு தகடு

டெய்லரம்மாவின் கணவர் பஸ் டிரைவர். முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு அவர் மாடியை விட்டு இறங்குவதென்றால் தம்பி வந்து நாற்காலியோடு தூக்க வேண்டும். பஸ் நிறைய ஆட்களை ஏற்றிப் போன மனுஷனுக்கு அது பெரிய அவமானமாக இருந்தது. படியோரமாக ஒரு கைப்பிடிக் கம்பி இருந்தால் தானே இறங்கிவிடுவேன் என்றார்.

கம்பி தயாராகிவிட்டது. கீழ்ப்படி அருகே கொத்தனார் சிமென்டில் நாலு போல்ட்டுகளைப் புதைத்துவிட்டுப் போனார். கம்பியின் அடித்தகடு அவற்றின் மேல் உட்கார வேண்டும். தகட்டில் ஓட்டை போடுவது தன் வேலை என்று டெய்லரம்மா சொல்லிவிட்டாள். மரப் பட்டன் செய்வதற்காக அவள் வாங்கிய சின்ன டிரில்லிங் மெஷின் தையல் மேசைக்குப் பக்கத்திலேயே இருந்தது.

முதல் தகடு சொதப்பல். பட்டனைக் கையால் பிடித்தே துளை போட்டுப் பழகியவள், இரும்பையும் அப்படியே பிடித்தாள். மெஷினில் துளை போடும் பிட்டு வழுக்கிக்கொண்டு தன் இஷ்டத்துக்கு இறங்கியது. தகடு சுழன்று கட்டைவிரலையும் பதம் பார்த்தது. கடைசியில் இரண்டு போல்ட்டுகள்தான் நுழைந்தன.

"என்ன டெய்லர், சட்டை பத்தலையா?" மாடியிலிருந்து கணவரின் குரல் வந்தது.

"வாயை மூடிட்டு உக்காருங்க!"

"ஓட்டையைப் பெருசாக்கிடலாம் அண்ணி," என்றான் கொழுந்தன். "லேசா ஆடினா என்ன இப்போ?"

"ஆடுற கம்பியில உங்கண்ணன் உடம்பைப் போடச் சொல்றியா?"

அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரமாக வந்தது. ஒரு நூல் பிசகினாலும் பிரித்துத் தைக்கிறவள் அவள். போல்ட்டுகளின் மேல் காகிதத்தை விரித்து அழுத்தி, பதிந்த தடங்களைப் பார்த்தாள். கொத்தனார் கண்ணளவில் வைத்ததால் அவையும் கோணலாகத்தான் நின்றன. ஒரு தோள் ஏறி ஒரு தோள் இறங்கிய ஆளுக்கு அளவெடுப்பது அவளுக்குப் புதிதா என்ன? அந்தக் காகிதத்தையே புதுத் தகட்டில் ஒட்டி, ஒவ்வொரு தடத்தின் நடுப்புள்ளியிலும் பஞ்ச் என்கிற கூர்முனைக் கம்பியை வைத்துத் தட்டிச் சின்னப் பள்ளம் போட்டாள்.

பிறகு மெஷினைச் சோதித்தாள். பிட்டுக்குப் பதில் வளைத்த கம்பியை மாட்டிக் கையால் சுற்றினாள். அது ஒரு பக்கம், மெஷினில் பொருளை வைக்கும் தட்டை உரசியது, மறுபக்கம் தொடவே இல்லை. தட்டே சாய்ந்திருக்கிறது! திருகைத் தளர்த்தி, சுற்றிலும் ஒரே மாதிரி உரசும்வரை நிமிர்த்தினாள். தகட்டைக் கிளாம்ப் போட்டு இறுக்கினாள். முதலில் மெல்லிய பிட்டு, அப்புறம் தடித்தது. நடுநடுவே எண்ணெய் விட்டு, அவசரப்படாமல் இறக்கினாள்.

தகட்டைக் கொண்டுபோய் வைத்தாள். நாலு போல்ட்டிலும் அது ஒரே நேரத்தில் இறங்கி உட்கார்ந்தது. அவள் சத்தம் போட்டுச் சிரித்துவிட்டாள்.

வெல்டர் தகட்டைக் கம்பியோடு பற்றவைத்துக் கொடுத்தார். நட்டுகளை அவளே முடுக்கினாள். சாயங்காலம் டிரைவர் மேல்படியில் வந்து நின்றார். கீழே தம்பி இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றான்.

"தள்ளி நில்லுடா, வழி விடு."

கம்பியில் முழுப் பாரத்தையும் போட்டு ஒவ்வொரு படியாக இறங்கினார். பாதியில் நின்று வேண்டுமென்றே ஓங்கி உலுக்கிப் பார்த்தார். கம்பி அசையவில்லை. டெய்லரம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை, அதை அவள் மறைக்கவும் இல்லை. கடைசிப் படியை விட்டுத் தரையில் நின்றதும் அவர் மனைவியைப் பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்தது. தம்பியிடம் திரும்பினார்.

"இனிமே என்னைத் தூக்க வராதடா. சாப்பிட மட்டும் வா."