பிடித்துத் தைத்த இடுப்பு

...தோள்பட்டைத் தையல் பாதிக் கைக்கு இறங்கித் தொங்குகிறது, இதையும் காசு கொடுத்து வாங்கிப் போட்டுக்கொண்டு டாக்டரைப் பார்க்க வந்து உட்கார்ந்திருக்கிறான் பார், என்று எதிர் பெஞ்சில் இருந்தவனைப் பார்த்து நினைத்துக்கொண்டார் தையல் கடைக் கட்டிங் மாஸ்டர், அவன் பக்கத்து அம்மாளுக்கோ கழுத்து ஒருபக்கம் ஏறி ஒருபக்கம் இறங்கி, எந்தக் கழுதை வெட்டியதோ, கத்தரிக்கோலைக் கையில் பிடித்தவனெல்லாம் தையல்காரன் என்றால் இப்படித்தான். இந்த ஆஸ்பத்திரியே அப்படித்தான் இருந்தது, சுவரில் பாதி மட்டும் பெயிண்ட், நாற்காலியில் பாதிக்கு ஒரு கால் ஆட்டம். வயிறு மறுபடி கடமுடா என்றது. காலையில் தின்ற ரொட்டி இன்னும் உள்ளே இருந்து வம்பு செய்கிறது, ரொட்டி கூடவா ஒத்துக்கொள்ளாது ஒரு மனுஷனுக்கு? வந்தவுடன் கழிவறை எந்தப் பக்கம் என்று பார்த்து வைத்துக்கொண்டுதான் அவர் உட்கார்ந்தார், இப்போதெல்லாம் எங்கே போனாலும் அதுதான் முதல் வேலை, சாமி கும்பிடுவதுகூட அப்புறம்தான்.

எல்லாம் முதலாளி போட்ட ஓசிச் சாப்பாட்டால் வந்த வினை. கடை ஆரம்பித்த நாளைக் கொண்டாடுகிறாராம், சம்பளத்தை உயர்த்தக் கேட்டால் காது கேட்காது, ஆனால் எங்கோ மலிவாகக் கிடைத்த கோழியை வாங்கி எல்லார் தலையிலும் கட்டினார். அன்று சாயங்காலமே கடை மொத்தமும் கழிவறை வாசலில் வரிசையில் நின்றது, முதலாளி உட்பட. அதில் ஒரு சந்தோஷம் இருந்தது, மறைப்பானேன்? ஆனால் அவர்கள் எல்லாரும் ரெண்டு நாளில் எழுந்து வந்து பழையபடி தின்ன ஆரம்பித்துவிட்டார்கள், இவருக்கு மட்டும் அது போகவே இல்லை, மழைக்காலம் போய் வெயில்காலமும் வந்தாகிவிட்டது. பால் தொட்டால் போச்சு, எண்ணெய் பட்டால் போச்சு, ஒன்றுமே தின்னாவிட்டாலும் வயிறு ஊதிக்கொண்டு நிற்கிறது. அந்த முதலாளி இப்போதும் எதிரில் உட்கார்ந்து எலும்பை உறிஞ்சுகிறார்... உறிஞ்சிவிட்டு, "என்ன மாஸ்டர், இன்னுமா சரியாகல? மனச லேசா வைங்க," என்கிறார். மனசையா கோழிக்குள் வைத்துச் சமைத்தார்கள்?

ஆளுக்கொரு வைத்தியம். மனைவியின் தம்பி இருக்கிறானே, ஒரு வேலையில் ஆறு மாதம் நிலைக்காதவன், அவன் போனில் அரைமணி நேரம் குடலைப் பற்றி வகுப்பு எடுக்கிறான், வெறும் வயித்துல வெந்நீர் குடிங்க மாமா, அப்படியே குப்புறப் படுங்க மாமா. குப்புறப் படுத்தால் இடுப்பெலும்பு தரையில் குத்துகிறது என்று அவனிடம் சொல்லவா முடியும்? சொன்னால் அக்காவுக்குப் போகும். அவள் ஏற்கெனவே கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்கிறவள். உடம்பு இப்படி இளைத்துப்போனது அவளுக்குத் தெரியாது. சட்டை இல்லாமல் அவள் எதிரில் நிற்பதை அவர் விட்டு மாதக்கணக்காகிறது, குளித்துவிட்டு வரும்போதே பொத்தானை மேல்வரைக்கும் போட்டுக்கொண்டுதான் வருகிறார். "வயிறு படுத்துனாலும் உடம்பு அப்படியே இருக்கே, அதுவே போதும்," என்கிறாள் அவள். எப்படி இல்லாமல் போகும், தைப்பவன் யார்?

பெல்ட்டில் புது ஓட்டை போடுகிறவன் தையல்காரனா? தையல்காரனின் பேண்ட் தொளதொளவென்று தொங்கினால் எவன் அவனிடம் அளவு கொடுப்பான்? முதலில் ஒரு பேண்ட்டைத்தான் இடுப்பில் பிடித்துச் சிறிதாக்கினார், மதியம் மற்றவர்கள் சாப்பிடப் போன நேரத்தில். தனக்குத்தான் சாப்பாடு என்று ஒன்று இல்லையே. அப்புறம் எல்லாப் பேண்ட்டும், அப்புறம் சட்டைகள், அப்புறம் மறுபடி முதல் பேண்ட். அரைகுறைத் தையல்காரன் பின்தையலைப் பிரித்து இடுப்பைப் பிடித்துவிட்டு, ஆகா என்று எழுந்துவிடுவான், பின்பாக்கெட் ரெண்டும் கிட்டக் கிட்ட வந்து ஒட்டிக்கொண்டு காட்டிக்கொடுக்கும். மாஸ்டர் பாக்கெட்டையும் பிரித்தெடுத்து, பழைய தையல் தடம் தெரியாமல் தேய்த்து, தள்ளி வைத்துத் தைத்தார். சட்டைக்குத் தோளை ஏற்றினார், காலரைக் கழற்றிக் குறைத்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்கிறார்கள், கையில் வேலை இருந்தால் முடியும். கடையில் தினமும் பார்க்கிற ஒரு நாய்க்காவது தெரிந்ததா? தையல் கடையில் வேலை, கண் மட்டும் கிடையாது ஒருத்தனுக்கும்.

நர்ஸ் சீட்டோடு வந்தாள், அவளுக்கு ஒரு கொட்டாவி வேறு. "எடை எவ்ளோன்னு சொல்லுங்க." மெஷின் இருக்கிறதே என்று அவர் மூலையைக் காட்டினார். "அதுல பேட்டரி போயிடுச்சுங்க, தெரிஞ்சத சொல்லுங்க." நல்ல ஆஸ்பத்திரி, நல்ல நர்ஸ். தெரிந்ததையே சொன்னார், போன வருஷம் பார்த்த எடையை. புது எடை அவருக்கே தெரியாது, தெரிந்துகொள்ள அவர் போய் எதிலும் ஏறவும் இல்லை. அவள் எழுதிக்கொண்டு போனாள், அவர் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

டாக்டர் சின்ன வயசு. வெள்ளைக் கோட்டில் ஒரு கை நீளம், ஒரு கை குட்டை, இவ்வளவு படித்து இதைக் கண்ணாடியில் பார்க்கத் தெரியவில்லை. ரத்தம் போகுதா, காய்ச்சல் உண்டா, தூக்கத்துல எழுந்து போறீங்களா என்று கேட்டுக்கொண்டே போனார், இல்லை, இல்லை, எப்பவாவது. வயிற்றைச் சட்டை மேலேயே ரெண்டு அமுக்கு அமுக்கினார். சீட்டைப் பார்த்தார், அப்புறம் மாஸ்டரை மேலிருந்து கீழே பார்த்தார். "எடை குறையல. பாத்தாலே தெரியுது, டிரெஸ் அளவா நிக்குது. இந்த மாதிரி தொற்று வந்தா சிலருக்கு குடல் பழையபடி ஆக மாசக்கணக்கா ஆகும். எடை இறங்கியிருந்தா நான் இப்படி விட மாட்டேன், ரத்தம் எடுக்கணும், உள்ள குழா விட்டு பாக்கணும். உங்களுக்கு அதெல்லாம் வேணாம், கவலைப்படாம போங்க." மாஸ்டர் வாயைத் திறந்தார். திறந்தார்தான். அதற்குள் டாக்டர், "பேண்ட் நல்ல ஃபிட்டா இருக்கே, யார் தச்சது?" என்று கேட்டுவிட்டார். "நான்தான் சார்." "அடேயப்பா. எனக்கும் ஒண்ணு தைக்கணுமே, இங்க ஒருத்தனும் ஒழுங்கா தைக்கிறதில்ல." கடைக்கு வாங்க சார், தொடையில் கொஞ்சம் இடம் விட்டுத் தைக்கிறேன், உங்களுக்கு உட்கார்ந்து வேலை... பேசிக்கொண்டே போனார், எழுந்து கும்பிட்டு வெளியே வந்தும்விட்டார்.

மருந்துக் கவுன்டரில் நின்று வீட்டுக்குப் போன் போட்டார். "ஒண்ணுமில்லைன்னுட்டார்." அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது கேட்டது, அழுகிறாள் போல. "இப்பதாங்க எனக்கு மூச்சு வந்தது," என்றாள். அவருக்கும் வந்தது. டாக்டர் கவலைப்படாமல் போங்க என்றபோது நெஞ்சுக்குள் ஏதோ இளகியதே, அது இன்னும் அப்படியே இருந்தது. பாவம், நல்ல பையன்தான்... நல்ல பையனா? ஒரு தையலில் ஏமாந்தவன், எட்டு வருஷமோ பத்து வருஷமோ படித்துவிட்டு ஒரு பின்பாக்கெட்டில் ஏமாந்தவன், மடப்பயல், இவனைப் போய் டாக்டர் என்று... இவன் சொன்னதற்கா நெஞ்சு இளகியது? இவன் யாருக்குச் சொன்னான்? போன வருஷத்து எடையோடு, பேண்ட் அளவாக நிற்கிற ஒருத்தனுக்குச் சொன்னான், கவலைப்படாதே என்று. அந்த ஆள் இங்கே வரவே இல்லையே. கவுன்டர்க்காரர் சீட்டைக் கேட்டுக் கையை நீட்டினார். மாஸ்டர் சீட்டை விடாமல் திரும்பி டாக்டர் அறைக் கதவைப் பார்த்தார், உள்ளே அடுத்த ஆள் போய்விட்டிருந்தான்.