லவ்ஸாவுக்கு நோன்பு இல்லை

ஐந்தாவது நாளாகக் கீரை அப்படியே கிடந்தது. முந்தின நாள் நோன்பு திறந்த கையோடு நான் வைத்தது, விடிவதற்குள் வாடிச் சுருண்டுவிட்டது. லவ்ஸா பெட்டியின் மூலையில் தலையை உள்ளே இழுத்துக்கொண்டு கிடந்தாள். என் உள்ளங்கையில் பாதிகூட இல்லாத ஆமைக்குட்டி. அரபியில் பாதாம் என்று அர்த்தம் வரும் அந்தப் பெயரை வைத்தவள் என் மகள் அமானி. ஸ்ஃபாக்ஸ் நகரத்துக்குப் படிக்கப் போனபோது, "உம்மா, தினமும் வெதுவெதுன்னு தண்ணி, கொஞ்சம் வெயில், அப்புறம் கீரை. மறந்துடாதே" என்று என் தலையில் கட்டிவிட்டுப் போனாள்.

நான் மறக்கவில்லை. மற்ற மாதங்களில் தையல் ஆலையில் மதியம் ஒரு மணி நேரம் விடுவார்கள். ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்து, பால்கனியில் வெயில் இருக்கும்போதே அவளைக் குளிப்பாட்டித் தின்ன வைத்து, நானும் நின்றவாக்கில் இரண்டு வாய் போட்டுக்கொண்டு ஓடுவேன். ரமலான் வந்ததும் எல்லாம் தலைகீழ். காலை ஏழிலிருந்து மூன்று வரை வேலை, மதிய இடைவேளை கிடையாது. நான் திரும்பும்போது எதிர்க் கட்டடம் வெயிலை மறைத்திருக்கும். வீட்டில் எல்லாருடைய சாப்பாடும் பொழுது சாயும் மக்ரிபுக்கு மாறியபோது அவளுடையதையும் மாற்றிவிட்டேன். அவள் தொடவே இல்லை.

"அதுவும் நோன்பு வச்சிருக்கு, விடு. உன்னைவிட ஈமான் ஜாஸ்தி" என்றார் என் கணவர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அமானியிடம் தினமும் போனில் "நல்லா தின்னுறா" என்று புளுகிக்கொண்டிருந்தேன், அதுவும் நோன்பு வைத்த வாயால். வியாழக்கிழமை அவள் வருகிறாள். அதற்குள் இது செத்துப்போனால் என்ன சொல்வேன் என்ற பயத்தில் விடியுமுன் சாப்பிடும் ஸஹர் சாப்பாடுகூட எனக்கு இறங்கவில்லை.

வெயில் படாமல் இவளுக்குப் பசிக்காது என்பது அன்று விடியற்காலையில்தான் என் மண்டையில் உறைத்தது. சும்மா கிடந்த ஒரு பழைய சாப்பாட்டு டப்பாவின் மூடியில் ஓட்டை போட்டு, துணி விரித்து, அவளையும் கொஞ்சம் கீரையையும் உள்ளே வைத்து வேலைக்கு எடுத்துப் போனேன். பத்து மணிக்குப் பத்து நிமிட ஓய்வு உண்டு.

வாசலில் காவலாளி ஹமாதி மாமா டப்பாவைப் பார்த்தார். அக்கம்பக்கம் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"பொம்பளைங்க விஷயம்னா நான் எதுவும் கேக்கலம்மா வஸீலா. நோன்பு இல்லாத நாளுன்னு இருக்கத்தான் செய்யும். ஆனா யாரு கண்ணுலயும் படாம சாப்பிடு."

எனக்குக் காது மடல்வரை சுட்டது. "ஐயோ மாமா, இதுல சோறே இல்ல!" என்று மூடியைத் திறந்து காட்டினேன். எட்டிப் பார்த்தவரின் முகமும் சிவந்துவிட்டது.

"யா அல்லாஹ்! உள்ள கொண்டு போனா யாராவது மிதிச்சுடுவாங்க. இங்க வச்சுட்டுப் போ. மூணு மணி வரைக்கும் நான் வெயிலைத்தானே காவல் காக்குறேன்."

தட்டில் தண்ணீரை வெயிலில் வைத்துச் சூடேறின பிறகு அவளை விடுங்கள், தாடைக்கு மேலே ஏறக்கூடாது என்றேன்.

"ரெண்டு பொண்ணுங்களைக் குளிப்பாட்டி வளத்தவன்கிட்ட சொல்றா பாரு" என்றார்.

பத்து மணிவரை நான் தைத்ததில் இரண்டு சட்டைகளுக்குக் கை மாறிப்போனது. மணி அடித்ததும் ஓடினேன். மூடிய ஆலைக் கதவுக்கு வெளியே ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. ஹமாதி மாமா கதவைத் திறக்காமல் தன் அறைக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டுக் குனிந்திருந்தார்.

"மாமா... போயிட்டாளா?"

அவர் திரும்பவில்லை. கையை மட்டும் உயர்த்தினார். "சத்தம் போடாதே. தின்னுறா."

ஈரம் காயாத முதுகோடு, கழுத்தை முழுக்க நீட்டி, இலையை முன்னங்காலால் மிதித்துப் பிய்த்துக்கொண்டிருந்தாள் லவ்ஸா. அல்ஹம்துலில்லாஹ் என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். கண்ணீர் வந்துவிட்டது.

ஆள் நுழையும் சின்னக் கதவு வழியாக லாரி டிரைவர் கத்திக்கொண்டே உள்ளே வந்தான். "யோவ், தூங்குறியா? எவ்வளவு நேரமா..." கீழே பார்த்ததும் நிறுத்தினான். மெல்ல அவனும் எங்களோடு குந்தினான்.

"அடேயப்பா, என்னா ஒரு தீனி" என்று எச்சில் விழுங்கினான்.

ஓய்வு முடிந்ததற்கான மணி அடித்தது. காய்ந்த உதட்டோடு நாங்கள் மூன்று பேரும் எழுந்திருக்காமல் பார்த்துக்கொண்டிருந்தோம். லவ்ஸா காம்பை விட்டுவிட்டு அடுத்த இலைக்குக் கழுத்தை நீட்டினாள்.