ஸ்டியரிங் சித்தரின் வலது கால்

என் வீட்டுக்காரருக்குக் கார் ஓட்டத் தெரியாது. இது தெரிந்தவர்கள் உலகத்தில் மூன்றே பேர்: நான், அவர், அவரை மூன்று முறை ஃபெயிலாக்கிய லைசென்ஸ் அதிகாரி. மற்ற எல்லோருக்கும் அவர் 'ஸ்டியரிங் சித்தர்'. ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் பதினெட்டு வருஷமாகக் கார்களைப் பற்றிக் கருத்து சொல்லி வருகிறவர். அவர் தலையாட்டினால் ஊர் அந்தக் காரை வாங்கும். உதட்டைப் பிதுக்கினால் ஷோரூமில் ஈ ஓட்டுவார்கள்.

முதல் டெஸ்டில் பின்னால் எடுக்கச் சொன்னால் முன்னால் எடுத்தார். இரண்டாவதில் பிரேக்குக்குப் பதில் ஆக்சிலேட்டரை மிதித்தார். மூன்றாவதில் எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்துவிட்டு, இறங்கப்போகிற நேரத்தில், அதிகாரி நிழலில் நிறுத்தியிருந்த ஸ்கூட்டரைச் சாய்த்தார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்; இவர் மைதானம் சரிவு என்றார். அதோடு லைசென்ஸ் ஆசையை விட்டுவிட்டார். கருத்து சொல்லும் ஆசையை விடவில்லை. அதற்குத்தான் டெஸ்ட் கிடையாதே.

அந்தச் சமயத்தில் பேப்பரில் கார் பக்கத்துக்கு ஆள் தேடினார்கள். இவருக்கு எழுத வரும், எனக்கு ஓட்ட வரும். கம்பெனிக்காரர்கள் புதுக் காரை இரண்டு நாளைக்கு வாசலில் விட்டுவிட்டுப் போவார்கள். நான் ஓட்டுவேன். இவர் பக்கத்து சீட்டில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்து, "இப்ப என்ன தோணுது? இப்ப?" என்று கேட்டுக்கொண்டே வருவார். பிரசவத்தின்போது டாக்டர்கூட என்னை அத்தனை தடவை கேட்கவில்லை. நானும் வாய்க்கு வந்ததைச் சொல்வேன். "பிரேக்கு கோவிச்சுக்கிட்ட நாத்தனார் மாதிரி இருக்கு. பாதி தூரம் பேசவே மாட்டேங்குது, அப்புறம் ஒரேயடியா பிடிச்சுக்குது" என்பேன். ஞாயிறன்று அது அப்படியே அச்சில் வரும். ஒவ்வொரு கட்டுரையும் 'என் வலது கால் சொல்கிறது' என்றுதான் ஆரம்பிக்கும். கால் என்னுடையது.

கட்டுரைக்குப் படம் வேண்டும். தொப்பி, கறுப்புக் கண்ணாடி, ஸ்டியரிங்கில் இரண்டு கை. நான்தான் எடுப்பேன். எடுப்பதற்கு முன்னால் சாவியை உருவி என் கையில் வைத்துக்கொள்வேன். அந்த ஸ்கூட்டரை நான் மறக்கவில்லை.

நான் வேலை பார்ப்பது ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில். எங்களிடம் மூன்று வேன், மூன்று டிரைவர். என் பங்குக்கு ஒரு நாளைக்குப் பதினான்கு கிளினிக். ஊசி போட்டு எடுத்த ரத்தத்தைக் குழாய் குழாயாகப் பெட்டியில் அடுக்கி, குலுங்காமல் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். குலுங்கினால் ரத்தம் கெட்டுவிடும், மறுபடியும் ஊசி. ஒரு முறை என்னால் அப்படி ஆகி, அழுகிற குழந்தையை அதன் அம்மா இரண்டாவது ஊசிக்காக இறுக்கிப் பிடித்துக்கொண்டதைப் பார்த்தேன். அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். அன்றிலிருந்து நான் பிரேக்கை மிதிப்பதில்லை, தடவுகிறேன்.

ஆனால் ஓட்டுவது பாதி வேலைதான். மீதிப் பாதி படி ஏறுவது. பழைய கடைத்தெருவில் ஒரு கிளினிக் மூன்றாவது மாடியில் இருக்கிறது, லிஃப்ட் கிடையாது. அங்கே இருக்கும் நர்ஸ் தங்கமான பெண், ஆனால் மறதி. லேபிள் ஒட்டாமலே குழாயை நீட்டுவாள். நான் எதிரில் நின்று ஒவ்வொன்றாக ஒட்டவைத்து, பெயரைச் சரிபார்த்து, வாங்கிக்கொண்டு இறங்குவேன். போன வருஷம் ஒரே பெயரில் இரண்டு பேர் வந்திருந்தார்கள். நான் பார்க்காமல் விட்டிருந்தால் ஒருத்தருடைய சர்க்கரை இன்னொருத்தர் தலையில் விடிந்திருக்கும்.

எங்கள் மேனேஜர் என்னைவிடப் பத்து வயது சின்னவர், மரியாதை தெரிந்தவர், சித்தரின் பரம ரசிகர். அவருடைய அறையில் ஒரு சுவர் முழுக்கச் சித்தரின் கட்டுரைகள்தான், படத்தோடு வெட்டிக் குண்டூசியால் குத்தியிருப்பார். அவ்வப்போது என்னைக் கூப்பிட்டு, "அக்கா, இதை ஒரு தடவை படிங்க. பிரேக்கை எப்படித் தடவணும்னு சித்தர் எவ்வளவு அழகா எழுதியிருக்கார் பாருங்க. நம்ம டிரைவருங்க இதையெல்லாம் கத்துக்கணும்" என்பார். நான் நின்ற இடத்திலேயே படித்துவிட்டு, "நல்லா எழுதியிருக்கார் சார்" என்பேன். வேறு என்ன சொல்ல? வீட்டு மானம் ஒன்று இருக்கிறதே.

போன மாதம் அதே மேனேஜர் எங்கள் மூன்று பேரையும் நிற்க வைத்துச் சொன்னார். தானாக ஓடும் வேன் வந்திருக்கிறதாம். மூன்று வாங்க மேலிடம் சம்மதித்துவிட்டதாம். "நான் அவசரப்பட மாட்டேன். சித்தர் அதை ஓட்டிப் பார்க்கப் போறார். ஞாயித்துக்கிழமை அவர் நல்லதுன்னு எழுதினா, திங்கக்கிழமை நான் கையெழுத்துப் போடுவேன். நடுநிலையான ஆளோட கருத்து இது. உங்களுக்கும் திருப்தியா இருக்கும்."

மற்ற இரண்டு டிரைவர்களும் சித்தரைச் சபித்தார்கள். நானும் சேர்ந்து சபித்தேன், கொஞ்சம் கூடுதலாகவே.

வீட்டுக்குப் போனால் இவர் தொப்பியைத் துவைத்துக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். என் வேலையே போகப்போகிறது, பார்த்து எழுதுங்கள் என்றேன். அவர் காதில் அது விழவே இல்லை.

"தானா ஓடற வண்டிம்மா! கம்பெனி மைதானத்துக்குள்ளதான் ஓட்டம், லைசென்ஸ் கேக்க மாட்டாங்க. நான் டிரைவர் சீட்ல உக்காரலாம். என்ஜின் ஓடும்போதே!"

அந்த முகத்தைப் பார்த்து எனக்குக் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. நிறுத்திய காரிலேயே பதினெட்டு வருஷம் உட்கார்ந்து படம் பிடித்துக்கொண்ட மனுஷன்.

மைதானத்தில் இவர் முன்னால் உட்கார்ந்தார். நான் முதல் தடவையாகப் பின் சீட்டில். கூடவே என் பெட்டியையும் எடுத்துப் போயிருந்தேன், குழாய்களில் சிவப்பு மை கலந்த தண்ணீர். வேன் கிளம்பியது. இவர் இரண்டு கையையும் ஸ்டியரிங்குக்கு மேலே, தொடாமல், அடுப்பில் குளிர்காய்கிற மாதிரி நீட்டிக்கொண்டே வந்தார். ஸ்டியரிங் தானாகத் திரும்பும்போதெல்லாம், "நானே திருப்பற மாதிரி இருக்கு" என்றார். கண் கலங்கியிருந்தது.

உள்ளதைச் சொல்ல வேண்டும். அந்த வேன் நன்றாகத்தான் ஓடியது. வளைவில் மை அசையவில்லை. பிரேக் போட்டதே தெரியவில்லை. என்னைவிடச் சுத்தமாகப் போட்டது, அதை ஒப்புக்கொள்ள எனக்கு வலித்தது. நடுவில் ஒரு வெறும் அட்டைப்பெட்டி காற்றில் உருண்டு வந்து வழியில் நின்றது. வேனும் மரியாதையாக நின்றது. பெட்டி நகரவில்லை, வேனும் நகரவில்லை. ஏழு நிமிஷம் கழித்து நான் இறங்கிப் போய்ப் பெட்டியைக் காலால் தள்ளினேன். பிறகு ஒரு பொம்மைக் கட்டடத்தின் வாசலில் போய் நின்று, "சேருமிடம் வந்துவிட்டது" என்றது. கதவு திறந்தது. இரண்டு நிமிஷத்தில் மூடிக்கொண்டது. கிளம்பிவிட்டது.

கம்பெனி ஆள் கூடவே வந்திருந்தார். "தம்பி, மேல போய்ப் பெட்டியை யாரு வாங்கிட்டு வர்றது?" என்று கேட்டேன்.

"அது எங்க வேலை இல்லைங்க மேடம். நாங்க வாசல் வரைக்கும்தான்" என்றார்.

திரும்பி வரும் பஸ்ஸில் நான் வழக்கம்போல ஆரம்பித்தேன். "எழுதிக்கோங்க. பிரேக்குல குறை சொல்ல முடியாது. ஆனா வாசல் வரைக்கும் வந்துட்டு வீட்டுக்குள்ள வராம திரும்பிப் போற சம்பந்தி மாதிரி இருக்கு. அந்த வண்டிக்கு வழி தெரியுது, வேலை தெரியலை."

அவர் நோட்டுப் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. "இந்தத் தடவை வேண்டாம்மா. நானே ஓட்டினேன். நானே எழுதறேன்."

"நீங்க எங்க ஓட்டினீங்க? அதுவா ஓடிச்சு."

"உனக்குப் பொறாமை."

"என் வேலை போகப்போகுது. பொறாமையாம்!"

"கருத்துன்னா நடுநிலையா இருக்கணும்" என்றார் ஸ்டியரிங் சித்தர், ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு காரைப் பற்றி அவருக்குச் சொந்தமாக ஒரு கருத்து வந்திருந்தது. அது என் வயிற்றில் அடிக்கிற கருத்தாகப் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை கட்டுரை வந்தது. 'என் வலது கால் சொல்கிறது: எனக்கு ஓய்வு கொடுங்கள்!' என்று தொடங்கியது. 'மனித குலம் நெடுநாள் காத்திருந்த விடியல்', 'புரட்சி', 'இனி ஓட்டுநர் என்ற சொல் அகராதியில் மட்டுமே' என்று போய்க்கொண்டே இருந்தது. நாத்தனாரும் இல்லை, சம்பந்தியும் இல்லை, ஒரு குழாய் மைகூட இல்லை. அட்டைப்பெட்டியைப் பற்றி மூச்சு விடவில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. ஆனால் எங்கள் மேனேஜருக்குக் கையெழுத்துப் போட உதவும்.

திங்கட்கிழமை மூன்றரை மணிக்கு நானாகவே அவர் அறைக்குப் போனேன். காகிதம் மேசைமேல் இருந்தது, பேனாவின் மூடி திறந்திருந்தது. புதுக் கட்டுரையும் சுவரில் ஏறிவிட்டது.

"சார், ஒரு நிமிஷம். அந்த வண்டி பிரேக் நல்லாப் போடும், நான் இல்லேங்கலை. ஆனா அது வாசல் வரைக்கும் வந்துட்டு உள்ள வராம போற சம்பந்தி சார். நம்ம வேலையில பாதி உள்ளதான் இருக்கு."

அவர் சிரித்துவிட்டார். "அக்கா, சித்தரை நிறையப் படிச்சுப் படிச்சு அவர் மாதிரியே பேச ஆரம்பிச்சுட்டீங்க! ஆனா அவரே இந்த வண்டியை ஒத்துக்கிட்டாரே. உங்க வருத்தம் எனக்குப் புரியுது. வேலை போகும்னு பயப்படறவங்க கருத்தை நான் எப்படி எடுத்துக்க முடியும், சொல்லுங்க."

"சரி சார், கருத்து வேண்டாம். ஒரு சந்தேகம். நாலு மணிக்கு மூணாவது மாடி கிளினிக்குல பெட்டியை யாரு வாங்குவா? லேபிளை யாரு ஒட்டவைப்பா?"

பேனா காகிதத்துக்கு மேலேயே நின்றது. ஊரெல்லாம் கருத்து சொல்லியாகிவிட்டது, படிக்கட்டை மட்டும் யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு முகம் தெளிந்தது. "வண்டியில ஒரு ஆளைப் போட்டுட்டாப் போச்சு! சும்மா உக்காந்து வரணும், ஏறி இறங்கணும், அவ்வளவுதான்."

"ஆளில்லாத வண்டிக்கு ஒரு ஆளு."

"ஆமா, ஆனா டிரைவர் தேவையில்லை பாருங்க. லைசென்ஸ்கூட வேண்டாம். சாதாரண ஆள் போதும்."

பதினெட்டு வருஷம் கட்டிக்காத்த வாய். காலையில்கூட அதை மூடிக்கொண்டுதான் இருந்தேன். அந்த 'சாதாரண ஆள் போதும்' வந்து விழுந்ததும் திறந்துகொண்டது.

"லைசென்ஸ் இல்லாத ஆளு ஒருத்தர் எனக்குத் தெரியும் சார். டிரைவர் சீட்ல உக்கார ரொம்ப ஆசைப்படுவார். மூணு தடவை டெஸ்ட்ல ஃபெயில்."

"அட, நல்லதாப் போச்சு. யாரு?"

"உங்க சித்தர்தான். என் வீட்டுக்காரர்."

அவர் இன்னொரு தடவை சிரித்தார். நான் சிரிக்கவில்லை. "நம்ப வேண்டாம் சார். சுவத்துல இருக்கற படத்தையெல்லாம் பாருங்க. ஸ்டியரிங்குக்குப் பக்கத்துல சாவி போடற இடத்தை மட்டும் பாருங்க."

எழுந்து போனார். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒரு படத்தைப் பார்த்தார். பக்கத்துப் படத்தைப் பார்த்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, மேல் வரிசையையும் பார்த்தார். வெள்ளைக் கார், சிவப்புக் கார், ஜீப், எல்லாவற்றிலும் அதே தொப்பி, அதே இரண்டு கை, அதே காலி ஓட்டை. ஒரு சுவர் முழுக்க ஒரு சாவி இல்லை.

நாற்காலிமேல் நின்றபடியே திரும்பினார். தான் கும்பிட்டுவந்த சாமி படத்தின் பின்பக்கத்தைப் பார்த்துவிட்டவர் மாதிரி இருந்தது முகம். எனக்கு அவரைப் பார்க்கவும் கஷ்டமாக இருந்தது, வீட்டில் இருக்கிறவரை நினைத்தாலும் கஷ்டமாக இருந்தது. ஆனாலும் நெஞ்சு லேசாகிவிட்டது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

"அப்ப சாவி எங்க இருந்துச்சு?"

"என் கையில சார். எல்லாப் படத்துலயும்."

இறங்கினார். பேனாவுக்கு மூடி போட்டார். காகிதத்தை இழுப்பறையில் வைத்துச் சாத்தினார். கடிகாரத்தைப் பார்த்து, "மூணே முக்கால் ஆச்சு அக்கா. மூணாவது மாடிக்குப் போகணுமில்ல, கிளம்புங்க" என்றார்.

வேனில் ஏறி உட்கார்ந்ததும் போன் அடித்தது. வீட்டுக்காரர்.

"உங்க மேனேஜர் கட்டுரையைப் படிச்சாரா? என்ன கருத்து சொன்னார்?"

"படிச்சாருங்க" என்றேன். "படத்தைத்தான் ரொம்ப உன்னிப்பாப் பார்த்தார்."

சாவியைப் போட்டுத் திருகினேன்.